14 வருஷமா என் ஃபைலை நானே தூக்கிட்டுத் திரியறேன்

இந்த மார்கழியும் எங்க வாசல்ல கோலம் எதிர்வீட்டுப் பொண்ணுதான் போட்டா. நான் போட்டா மாவு விரலுக்கு நடுவுல இருக்கா கொட்டிப்போச்சான்னே தெரியாது, கண்ணால பாத்துப் பாத்துதான் இழுக்கணும், ஒரு இடத்துல கயிறு மாதிரி தடிமனா விழும், அடுத்த இடத்துல ஒண்ணுமே இருக்காது. 2011 ஆகஸ்ட்ல பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் ஆச்சு, அப்புறம் கீமோ, அந்தக் கீமோ விட்டுட்டுப் போனது இது. யாராவது "முழுசா குணமாயிடுச்சா டீச்சர்"னு கேட்டா ஆமான்னுதான் சொல்றேன். கேன்சர் இல்ல, அது உண்மை. ஆனா பொழைச்சதுக்கு அப்புறம் ஒரு நீள வேலை இருக்கு, அதை யாரும் எனக்குச் சொல்லித் தரல, தடுக்கி விழுந்து விழுந்துதான் கத்துக்கிட்டேன், அதான் எழுதறேன்.

ஆரம்பத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். அப்ப எனக்கு 45 வயசு, பெரம்பூர்ல ஸ்கூல் டீச்சர். ரெண்டாவது மாடி கிளாசுக்கு ஏறினா மூச்சு வாங்கும், பாதி படில நின்னு கைப்பிடியைப் புடிச்சுப்பேன், பசங்க என்னை ஒதுங்கிப் போவாங்க. வீட்டுப் பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினேன், ரத்தம் கம்மின்னு இரும்புச் சத்து மாத்திரை குடுத்தாங்க. எட்டு மாசம் சாப்பிட்டேன், ஏறவே இல்ல. திரும்பப் போய்க் கேட்டா "மாசா மாசம் போகுதுல்லம்மா, இந்த வயசுல அப்டித்தான், மெனோபாஸ் வந்தா சரியாயிடும்"னு அதே பதில். எனக்கு இன்னிக்கும் கோவம் வர்றது இங்கதான். வலது பக்கக் குடல்ல கட்டி வந்தா ரத்தம் கண்ணுக்கே தெரியாது, மலத்தோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கும், வலியும் பெருசா இருக்காது, ஆளு மட்டும் வெளுத்துக்கிட்டே போவாங்க. ஹீமோகுளோபின் 6.8க்கு வந்தப்பதான் வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன், அவர் கேட்ட முதல் கேள்வியே "வெயிட் எவ்ளோ குறைஞ்சுது?" ஏழு கிலோ. நான் டயட் இல்லாமலே இளைச்சுட்டேன்னு பெருமைப்பட்டுட்டு இருந்தேன், என்னத்தைச் சொல்ல. மலப் பரிசோதனை, கொலனோஸ்கோப்பி (கேமரா வெச்ச டியூபைப் பின்வழியா விட்டுக் குடலைப் பாக்கறது), பயாப்சி, பத்து நாள்ல எல்லாம் தெரிஞ்சுபோச்சு. மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறலைன்னா, பொம்பளையா இருந்தாலும் சரி, "ரத்தம் எங்க போகுது"ன்னு கேளுங்க, பதில் கிடைக்கற வரைக்கும் கேளுங்க.

சொந்தக்காரங்க நடுவுல கேன்சர்ங்கற வார்த்தையை யாரும் வாயால சொல்லல. மெட்ராஸ்ல அதுக்கு ஒரு பேர் இருக்கு, "அடையாறு". "அடையாறுல காட்றாங்களாமே"ன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னா முடிஞ்சுது. 1954லேர்ந்து அங்க இருக்கற கேன்சர் ஆஸ்பத்திரி எத்தனை பேரைப் பொழைக்க வெச்சிருக்கு, ஆனா ஊர் வாயில அது சாவுக்கு இன்னொரு பேரா ஆயிடுச்சு. நான் காட்டினது அங்க கூட இல்ல, வேற எடம், அப்பவும் என் நாத்தனார் மாமியார் "அடையாறா?"ன்னுதான் கேட்டாங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ரைட் ஹெமிகொலெக்டமின்னு பேரு, சிறுகுடலோட கடைசித் துண்டு, அப்பெண்டிக்ஸ், வலது பக்கப் பெருங்குடல் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துட்டு மிச்ச ரெண்டு முனையையும் ஒட்டிடுவாங்க. மலம் வெளிய போறதுக்கு வயித்து மேல வைக்கற பை எனக்கு வைக்கல. பக்கத்து பெட்ல ஒரு அக்காவுக்கு வெச்சிருந்தாங்க, நாலு மாசம் கழிச்சு அதை எடுத்து உள்ள சேர்த்துட்டாங்க. பயாப்சி ரிப்போர்ட்ல 17 நிணநீர் முடிச்சு பார்த்ததுல ரெண்டுல கேன்சர் இருக்குன்னு வந்துச்சு, அதனால ஸ்டேஜ் 3. அந்த நம்பரை எல்லாரும் பாத்து வெச்சுக்கணும், குறைஞ்சது 12 முடிச்சாவது எடுத்துப் பாத்திருக்கணும்னு கணக்கு, அதைவிடக் கம்மியா பாத்துட்டு "எதுலயும் இல்ல"ன்னு சொன்னா அந்த "இல்ல"வை அவ்ளோ நம்ப முடியாது.

கீமோ 8 சைக்கிள், மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஆக்சாலிபிளாட்டின் டிரிப், கூட 14 நாள் கேப்சிடபின் மாத்திரை. முடி பெருசா கொட்டல, எல்லாரும் "பரவாயில்லையே"ன்னாங்க. ஆனா குளிர்! டிரிப் போட்டுட்டு வந்த அன்னிக்கு சாயந்திரம் ஃப்ரிட்ஜ்லேர்ந்து பால் பாக்கெட்டை எடுத்தேன் பாருங்க, கரண்ட் அடிச்ச மாதிரி கையிலேர்ந்து விட்டுட்டேன், பால் தரையெல்லாம். சாதா தண்ணி குடிச்சாகூட தொண்டையில ஊசி குத்தி மூச்சு அடைக்கற மாதிரி ஆகும். மார்கழி மாசம் காலைல குழாய்த் தண்ணியைத் தொட முடியாம உல்லன் கிளவுஸ் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள நடமாடினேன், மெட்ராஸ்ல கிளவுஸ்! எம்பொண்ணு "அம்மா ஊட்டிக்குப் போயிட்டாங்க"ன்னு கிண்டல் பண்ணுவா. அந்தக் குளிர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் அஞ்சாறு நாள்ல போயிடும், கை, கால் விரல் மரத்துப் போறதுதான் தங்கிடும்.

இங்க நான் ஒரு தப்பு பண்ணேன். அஞ்சாவது சைக்கிள்லயே ரவிக்கை ஊக்கு போட முடியல, செருப்பு கழண்டு போனதே தெரியாம பத்தடி நடந்துடுவேன். டாக்டர் ஒவ்வொரு தடவையும் "விரல் எப்டி இருக்கு"ன்னு கேட்டாரு, நான் "பரவால்ல சார்"னே சொல்லிட்டிருந்தேன். உண்மையைச் சொன்னா மருந்தைக் குறைச்சிடுவாங்க, குறைச்சா திரும்ப வந்துடும்னு பயம். அவர் குறைக்கணும்னுதான் கேட்டிருக்காரு! இன்னொண்ணு, மருந்து நிறுத்தினதும் சரியாயிடும்னு நெனச்சேன், நிறுத்தின அப்புறம் ரெண்டு மூணு மாசம் இன்னும் ஜாஸ்தியாச்சு, அது அப்டித்தான் போகுமாம். ஜூன்ல ஸ்கூல் திறந்தப்ப சாக்பீஸ் கையிலேர்ந்து நழுவி நழுவி விழும், முதல் பெஞ்ச் பையன் ஒருத்தன் அதைப் பொறுக்கிக் குடுக்கறதையே வேலையா வெச்சிருந்தான். இப்பல்லாம் ஸ்டேஜ் 3லயே ரிஸ்க் கம்மியா இருக்கறவங்களுக்கு இந்த மருந்துக் கூட்டை 3 மாசத்தோட நிறுத்திக்கறாங்க, 2018ல வந்த பெரிய ஆராய்ச்சிக்கு அப்புறம். உங்களுக்கு எத்தனை மாசம்னு டாக்டரைக் கேளுங்க, விரல் மரத்தா மரத்துதுன்னு சொல்லுங்க, வீரம் வேண்டாம்.

அடுத்தது வயிறு. இதைப் பத்தி எழுத கூச்சமா இருக்கு, ஆனா இதைத்தான் யாரும் எழுத மாட்டேங்கறாங்க. சாப்பிட்ட அரை மணில அவசரமா வரும், தண்ணியா வரும், அடக்க முடியாது. ரெண்டு வருஷம் நான் கல்யாண வீட்டுல சாப்பிடவே இல்ல, போய் மொய் எழுதிட்டு ஓடி வந்துடுவேன். பெரம்பூர்லேர்ந்து தி.நகர் வரைக்கும் எந்த ஜவுளிக்கடையில எந்த மாடில டாய்லெட், எந்த ஹோட்டல்ல காபி மட்டும் சாப்பிட்டாலும் விடுவாங்க, எந்த பெட்ரோல் பங்க்ல பூட்டியே வெச்சிருப்பாங்க, எல்லாம் மனப்பாடம். மெட்ரோ வந்தப்ப எல்லாரும் ஏசியைப் பாத்தாங்க, நான் முதல்ல டாய்லெட் போர்டு எங்கன்னு பாத்தேன். இந்த ஊர்ல பொம்பளைங்களுக்கு ஒதுங்க எடம் இல்லாத கஷ்டம் சாதாரண ஆளுக்கே இருக்கு, பாதி குடல் இல்லாதவளுக்குக் கேக்கணுமா.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு, வைத்தியமும் இருக்குன்னு எனக்கு 2014லதான் தெரிஞ்சுது. சிறுகுடலோட கடைசித் துண்டுதான் பித்த நீரைத் திரும்ப உறிஞ்சி எடுக்குமாம். அந்தத் துண்டு போயிட்டா பித்தம் அப்படியே பெருங்குடலுக்குள்ள இறங்கி எரிச்சல் பண்ணி பேதியாக்கும். எண்ணெய், நெய் ஜாஸ்தி சாப்பிட்டா பித்தமும் ஜாஸ்தி சுரக்கும், அதனாலதான் எனக்குப் பூரி சாப்பிட்டா பிரளயம், இட்லி சாப்பிட்டா அமைதி. கொலஸ்டிரமின்னு ஒரு பவுடர், தண்ணியில கலக்கிக் குடிக்கறது, டாக்டர் எழுதிக் குடுத்தாரு, ஒரு வாரத்துல பாதிக்கும் மேல கட்டுப்பட்டுது. மணல் கலந்த ஜூஸ் மாதிரி இருக்கும். மத்த மாத்திரைகளையும் அது புடிச்சு வெச்சுக்கும்ங்கறதால மத்ததை ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கணும், இல்லன்னா நாலஞ்சு மணி நேரம் கழிச்சு. மூணு வருஷம் நான் "ஆபரேஷன் ஆனவளுக்கு இப்டித்தான் இருக்கும்"னு நானே முடிவு பண்ணிட்டு வாயைத் திறக்காம இருந்தேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, நாங்க கிரவுண்ட் ஃப்ளோர். பீரோவோட அடித்தட்டுல என் ஆஸ்பத்திரி ஃபைல். நகையைத் தூக்கினோம், டிவியைத் தூக்கினோம், ரேஷன் கார்டைக்கூட தூக்கினோம், அதை மறந்துட்டோம். தண்ணி வடிஞ்சதும் பாத்தா சிடி ஸ்கேன் ஃபிலிம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே பலகையா ஆயிடுச்சு. டிஸ்சார்ஜ் சம்மரி கூழ். போகட்டும்னு விட்டுட்டேன். 2016 ஆகஸ்ட்ல அஞ்சு வருஷம் முடிஞ்சுது, சர்ஜன் கைகுலுக்கி "இனிமே நீங்க வரவேண்டாம், கொலனோஸ்கோப்பி மட்டும் மறக்காதீங்க"ன்னாரு, வார்டு சிஸ்டருக்கெல்லாம் லட்டு வாங்கிக் குடுத்தேன். வீட்டுக்கு வர்ற வழியில ஆட்டோல அழுகையா வந்துச்சு, சந்தோஷம்னு எம்புருஷன் நெனச்சாரு. இனிமே என்னை யாரும் கூப்பிட்டுப் பாக்கமாட்டாங்களேன்னுதான் அழுதேன். பாதுகாப்பா ஒரு கையைப் புடிச்சிட்டு இருந்தது விட்டுப்போன மாதிரி.

விட்டுப்போய் பத்து மாசம். 2017 ஜூன், நாத்தனார் வீட்டுல பண்ருட்டிப் பலாப்பழம், பன்னெண்டு சுளை சாப்பிட்டேன், கதை பேசிக்கிட்டே சரியா மெல்லாம. ராத்திரி பதினோரு மணிக்கு வயித்துல அலை அலையா வலி, வந்து இறுக்கும், விடும், திரும்ப இறுக்கும். வயிறு பானை மாதிரி உப்பிப்போச்சு. எம்புருஷன் "கேஸ்தாம்மா, ஓமத்தண்ணி குடி"ன்னாரு, குடிச்சேன், வாந்தி. ரெண்டு மணிக்குப் பச்சையா வாந்தி வந்தப்ப ஆட்டோ புடிச்சு பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுக் காட்டினான், உள்ள படிக்கட்டு மாதிரி கோடு கோடா நிக்குது. "என்ன ஆபரேஷன்மா பண்ணாங்க? எவ்ளோ எடுத்தாங்க? என்ன ஸ்டேஜ்? ரிப்போர்ட் இருக்கா?" எங்கிட்ட ஒரு துண்டு பேப்பர் இல்ல. எம்பொண்ணு ஃபோன்ல எப்பவோ எடுத்து வெச்சிருந்த பயாப்சி ரிப்போர்ட் ஃபோட்டோ ஒண்ணுதான், அதுவும் பாதி நிழல் விழுந்தது.

திரும்ப வந்துடுச்சுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். சிடி எடுத்துப் பாத்தா கட்டி எதுவும் இல்ல. ஆபரேஷன் பண்ண வயித்துக்குள்ள குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாம், அட்ஹெஷன்னு சொல்றாங்க, பத்து இருபது வருஷம் கழிச்சுகூட அடைப்பு வரலாமாம். அந்தக் குறுகலான எடத்துல பலாச்சுளை போய் உக்காந்துடுச்சு. மூக்கு வழியா டியூப், டிரிப், வாயில ஒரு சொட்டு கெடையாது. ரவுண்ட்ஸ் வர்றவங்கள்லாம் ஒரே கேள்வி, "காத்து பிரிஞ்சுதாம்மா?" மூணாவது நாள் விடியக்காலைல பிரிஞ்சுது. நான் கத்தின கத்துல பக்கத்து பெட் பாட்டி எழுந்து உக்காந்து "என்னம்மா, பேரன் பொறந்துட்டானா?"ன்னு கேட்டாங்க. கத்தி வைக்காமலே தப்பிச்சேன்.

வயித்துல ஆபரேஷன் ஆனவங்க எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், வலி அலை அலையா வந்து, வாந்தியும் இருந்து, காத்தும் மலமும் போகலன்னா உடனே ஆஸ்பத்திரி, அப்ப பேதி மாத்திரை போடவே கூடாது. பலாப்பழம் இப்பவும் சாப்பிடறேன், ரெண்டு சுளை, பொடியா நறுக்கி. முருங்கைக்காய் சக்கையைத் துப்பிடுவேன், சாத்துக்குடி தோல் நாரை உரிச்சுடுவேன்.

அதுக்கப்புறம்தான் ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரியோட ரெகார்ட் ரூமுக்கு லெட்டர் எழுதிக் குடுத்து, நாலு தடவை நடையா நடந்து எல்லாத்துக்கும் காப்பி வாங்கினேன். ஸ்கேன் பண்ணி ஃபோன்ல ஒண்ணு, பொண்ணு ஈமெயில்ல ஒண்ணு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோ மேல்தட்டுல ஒண்ணு. அங்க போனப்ப இன்னொரு விஷயமும் கத்துக்கிட்டேன். எடுத்த கட்டியை மெழுகு பிளாக்ல வெச்சுப் பத்திரமா வெச்சிருப்பாங்க. 50 வயசுக்குள்ள வந்ததால இது பரம்பரையா வர்ற லிஞ்ச் சிண்ட்ரோமான்னு பாக்கணும்னு ஒரு டாக்டர் சொல்லி, 2018ல அந்தப் பழைய பிளாக்கை வாங்கிட்டுப் போய் டெஸ்ட் பண்ணோம். நல்லவேளை, அது இல்லன்னு வந்துச்சு. இப்ப புதுசா கண்டுபிடிக்கறவங்களுக்கு இதை ஆரம்பத்துலயே பண்றாங்க, பண்ணாங்களான்னு கேட்டு வெச்சுக்கங்க.

அதே வருஷம் காலும் எரிய ஆரம்பிச்சுது, கீமோ மிச்சம்னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன். டாக்டர் பி12 பாத்தாரு, ரொம்பக் கம்மி. அந்தக் கடைசித் துண்டு சிறுகுடல்தான் பி12ஐயும் உறிஞ்சுமாம், எல்லாருக்கும் குறையாது, எனக்குக் குறைஞ்சிருந்துச்சு. ஊசி போட்டதும் எரிச்சல் அடங்கிச்சு, விரல் மரப்பு மட்டும் அப்படியே நின்னுபோச்சு. எல்லாப் பழியையும் பழைய எதிரி மேலயே போடக்கூடாது.

கேன்சர் திரும்ப வருதான்னு பாக்க சிஇஏன்னு ஒரு ரத்த டெஸ்ட், முதல் ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒருதடவை, அப்புறம் ஆறு மாசத்துக்கு. அந்த வாரம் வீட்டுல யாரும் எங்கிட்ட வரமாட்டாங்க, கடுகு தாளிச்சாலே சண்டை. 2013ல ஒரு தடவை 2லேர்ந்து 5.6க்கு ஏறிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா நகையை யாருக்குக் குடுக்கறதுன்னு பிரிச்சுட்டேன். பாத்தா அந்தத் தடவை வேற லேப்ல குடுத்திருந்தேன், லேப்புக்கு லேப் மெஷின் வேற, அளவும் வேற வரும். பழைய லேப்ல திரும்பக் குடுத்தா 2.3. அதுலேர்ந்து ஒரே லேப், மழையா இருந்தாலும்.

எங்க அண்ணன் கதையைச் சொல்லாம முடியாது. ரயில் பொட்டி செய்யற ஐசிஎஃப்ல வேலை, என்னைவிட மூணு வயசு பெரியவர். கூடப்பொறந்தவங்க கொலனோஸ்கோப்பி பண்ணிக்கணும்னு டாக்டர் சொன்னதைப் போய்ச் சொன்னேன், "எனக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன், பின்னாடி டியூப் விட என் உடம்பு என்ன ரயில் பொட்டியா, நீ போம்மா"ன்னுட்டாரு. மூணு வருஷம் தீபாவளிக்கு தீபாவளி கேட்டேன். கடைசியா அண்ணிதான் சாதிச்சாங்க, "போயிட்டு வர்ற வரைக்கும் உங்களுக்கு மீன் கொழம்பு கெடையாது"ன்னு. 2014ல போனாரு, ஒன்றரை சென்டிமீட்டர்ல ஒரு பாலிப், அதாவது குடல் உள்சுவர்ல வளர்ற சதை, அங்கயே எடுத்துட்டாங்க, கேன்சரா மாறலை. வெளிய வந்து வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டே "பசிக்குது, வா போலாம்"னாரு. அவ்ளோதான் பேசினாரு. அந்த வருஷம் ஆடிச் சீர் மட்டும் ரெண்டு மடங்கா வந்துச்சு.

நடக்கறதைப் பத்தியும் சொல்லணும். கீமோ முடிஞ்சதுலேர்ந்து மேம்பாலத்துப் பக்கம் இருக்கற பூங்காவுல தினம் முக்கால் மணி நேரம் நடக்கறேன், ஏதோ நம்மளால ஆனதுன்னு. 2025 ஜூன்ல பொண்ணு ஒரு செய்தி காட்டினா. 889 பெருங்குடல் கேன்சர்க்காரங்க, கீமோ முடிச்சவங்க, பாதிப் பேருக்கு மூணு வருஷம் ஆள் வெச்சு உடற்பயிற்சி, பாதிப் பேருக்கு புக் மட்டும். அஞ்சு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க பயிற்சி பண்ணதுல நூத்துக்கு 80, மத்ததுல 74. மருந்துக்கு இப்படி வந்தா எவ்ளோ விலை சொல்லுவாங்க! இப்ப இன்னும் வேகமா நடக்கறேன், கால் மரத்திருக்கறதால மேடுபள்ளம் தெரியாது, அதனால செருப்பு வேண்டாம், பின்னாடி பிடி இருக்கற ஷூதான்.

கொலனோஸ்கோப்பி எனக்கு 2012, 2015 ரெண்டும் சுத்தம். 2020ல பண்ண வேண்டியது கொரோனாவால 2021க்குப் போச்சு, அதுல சின்னதா ஒரு பாலிப், எடுத்தாங்க. பத்து வருஷம் ஆச்சேன்னு விட்டிருந்தா? அடுத்தது இந்த வருஷம். வர்ற மே மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட், அதுக்கு அடுத்த வாரத்துக்கு டேட் வாங்கியிருக்கேன். என் பொண்ணுக்கும் இந்த வருஷம் 35. அம்மாவுக்கு 45ல வந்தா பொண்ணுக்கு பத்து வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கணும்னு கணக்கு, அவளும் பண்ணிக்கணும். போன ஞாயித்துக்கிழமை சமையக்கட்டுல வந்து நின்னுட்டு "அம்மா, கொலனோஸ்கோப்பிக்கு முன்னாடி குடல் சுத்தமாகக் குடிக்கற அந்தப் பவுடர் தண்ணி எப்டி இருக்கும்?"னு கேட்டா. உப்புத் தண்ணியில எலுமிச்சை எசென்ஸ் ஊத்தின மாதிரின்னேன். ரெண்டு லிட்டர், சில்லுன்னு வெச்சு ஸ்ட்ரா போட்டுக் குடிச்சா நாக்குல படாம போயிடும், முதல் நாள் கீரை, விதை இருக்கற காய் வேண்டாம், நல்ல மெத்துன்னு டிஷ்யூ வாங்கி வெச்சுக்கோ, பாத்ரூம் பக்கத்துலயே நாற்காலி போட்டுக்கோன்னு அடுக்கிட்டே போனேன். அவளுக்கு பயம், காட்டிக்கல. "சரி, ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிடலாம்மா, ஒரே லீவு"ன்னா. அது ஆகாதுடி, மயக்க ஊசி போடுவாங்க, யாராவது ஒருத்தராவது தெளிவா இருந்து இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்ல. யாரு முதல்லன்னு இன்னும் முடிவாகலை.